கட்டைவிரல் முடிச்சு

ஓர்பெலினா தன் தம்பியின் இரண்டு கால் கட்டைவிரல்களையும் சேர்த்துச் சிவப்பு நூலால் இறுக்கிக் கொண்டிருந்தாள். வெட்டுப்பட்டுச் செத்தவனுக்கு இப்படிக் கட்டிவிட்டால் வெட்டியவனால் ஊர் எல்லையைத் தாண்ட முடியாது. சுற்றிச் சுற்றி வந்து மாட்டிக்கொள்வான். இலொபாஸ்கோ மலைப் பக்கம் போலீசை நம்புகிறவர்கள் குறைவு. இந்த நூலை நம்பாதவர் இல்லை.

ருத்திலியோவுக்கு இருபத்தாறு வயது. நேற்றுச் சோளக்காட்டில் கிடந்தான். கழுத்தில் ஒன்று, முதுகில் நான்கு. தடுக்கப் போன கையில் இரண்டு விரல்கள் இல்லை. அவற்றைத் தேடி எடுத்துக் கைக்குட்டையில் முடிந்து பெட்டிக்குள் வைத்தவளும் இவள்தான்.

"நல்லா இறுக்குடி. அந்த நாய் பஸ்ஸுல கால் வைக்கக் கூடாது" என்றாள் பக்கத்து வீட்டு சாபெலா, வாழையிலையில் சோள மாவை மடித்தபடி. "எம் புருஷன் ஓடுறப்ப இப்படி ஒரு நூல் இல்லாமப் போச்சே!"

அம்மா பிதெலினா காபியோடு வந்தாள். நூலைப் பார்த்ததும் அவள் முகம் செத்துவிட்டது. ஏதோ சாக்குச் சொல்லி சாபெலாவை வெளியே அனுப்பினாள்.

"அதை அவுத்துரு."

"ஏம்மா? கொன்னவன் தப்பிச்சிருவான்."

"போகட்டும்."

பெற்ற வயிறு இப்படிப் பேசுமா? ஓர்பெலினா நிமிர்ந்தாள். அம்மா அவளைப் பார்க்கவில்லை. கொல்லைக் கதவைப் பார்த்துக் கொண்டிருந்தாள். சின்னவன் மிசாயேல் காலையிலிருந்து அங்கேதான் இருக்கிறான். விறகு வெட்டும்போது பட்டது என்று இடது கையில் துணி சுற்றியிருக்கிறான். நேற்று விறகு வெட்டியது ஓர்பெலினா.

சுவரில் தொங்கிய அரிவாளை எடுத்துக்கொண்டு போனாள்.

தண்ணீர்த் தொட்டியருகே அவன் பையோடு உட்கார்ந்திருந்தான். அரிவாளின் பட்டையால் காதோடு சேர்த்து ஓங்கி அறைந்தாள். சுருண்டு விழுந்தவனின் முடியைப் பிடித்து இழுத்துத் தொட்டிச் சுவரில் மோதினாள். கூர்ப்பக்கத்தைக் கழுத்தில் வைத்தாள்.

"யாருடா செய்யச் சொன்னது?"

"மேட்டுக் கும்பல் பசங்க." அவன் ரத்தத்தைத் துப்பினான். "அண்ணன் ராணுவக்காரனோட பேசினதைப் பாத்துட்டானுங்க. நீ முடிக்கிறியா, இல்ல வீட்டோட எல்லாரையும் நாங்க முடிக்கவான்னானுங்க."

"அதுக்கு?"

"என்னைப் பாத்துச் சிரிச்சான்க்கா. சாப்பாடு கொண்டாந்திருக்கேன்னு நினைச்சான்."

அவள் அரிவாளை அழுத்தினாள். தோல் பிளந்து ஒரு கோடாய் ரத்தம் இறங்கியது. அவனைக் கொல்ல வேண்டும் போலத்தான் இருந்தது. அவன் கையைக்கூட உயர்த்தவில்லை.

"ஒருத்தனுக்குத்தான் குழி வெட்டச் சொல்லியிருக்கேன்" என்றாள் அம்மா, படியில் நின்றபடியே.

அடுப்பில் பானை கொதித்துக்கொண்டிருந்தது. ஓர்பெலினா அரிவாளைத் தொட்டிக்குள் எறிந்தாள்.

"பன்னெண்டு மணி பஸ்ஸு. குவாத்தமாலா தாண்டியும் நிக்காத. இந்த வீட்டுக்குப் போன் பண்ணாத. நீ செத்தாலும் எங்களுக்குத் தெரிய வேணாம்."

உள்ளே வந்தாள். நூல் சதைக்குள் இறங்கியிருந்தது, நகம் நுழையவில்லை. குனிந்து பல்லால் கடித்து அறுத்தாள். தம்பியின் பாதத்தில் அவள் தேய்த்துக் கழுவிய சோப்பின் வாசனை. மன்னித்துவிடு என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

பன்னிரண்டு மணிக்கு வளைவில் பஸ் ஹாரன் அடித்தது. சத்தம் மேடேறித் தேய்ந்து போகும்வரை அம்மா காபி ஊற்றுவதை நிறுத்தியிருந்தாள்.

பெட்டியைத் தூக்க மூன்று ஆண்கள் வந்து நின்றார்கள்.

"ஒரு தோள் குறையுதே. சின்னவன் எங்க?" என்றாள் சாபெலா.

ஓர்பெலினா நாலாவது மூலைக்குப் போய்க் குனிந்தாள்.

"தூக்குங்க."

மற்ற மூவரும் நெட்டையர்கள். பெட்டி அவள் பக்கமாகச் சாய்ந்தது. உள்ளே இருந்தவன் அவள் தோளை நோக்கி மெல்லச் சரிவது தெரிந்தது. மயானம் வரை அவள் குதிகாலை மண்ணில் ஊன்றாமலே நடந்தாள்.