அம்மாள் மேல போட்ட பழி

எங்க நாவலப்பிட்டி பக்கம் முத்துலிங்கத்த பெரிய பக்திமான்னு சொல்லுவாங்க. எனக்கு அவன் பேர கேட்டாலே வாய் கசக்கும். ஏன்னு சொல்றேன்.

அவனுக்கு கொழும்புல கடையில வேல. மாசத்துக்கு ஒருக்கா வருவான். பொண்டாட்டி இராஜேஸ்வரி எங்க பக்கத்து வீடு, என்னய பெரியம்மான்னு கூப்பிடும். ரெண்டு பிள்ள கலைஞ்சு, மூணாவதா தங்கினது இது. ஏழு மாசம். நல்லபடியா கையில வந்துரணும்னு படி எறங்கக்கூட பயந்து பயந்து எறங்கும்.

புருசன் தொர தீபாவளிக்கு வந்துட்டுப் போனாரு. பத்து நாள்ல அவளுக்குக் காய்ச்சல். ஒண்ணுக்குப் போற எடத்துல கொப்புளம், உக்கார முடியாத எரிச்சல். ஆஸ்பத்திரி நர்ஸ் மிஸ்ஸிகிட்ட காட்டணும்னு அழுதுச்சு. மாமியாக்காரி ராக்கம்மா விடல. இது அம்ம, அம்மாள் வந்திருக்கா, மூணு தண்ணி ஊத்துற வரைக்கும் வாசப்படி தாண்டக்கூடாது, மருந்து மாத்திர கூடாதுன்னுட்டா. மஞ்சளையும் வேப்பிலையையும் அரைச்சு அப்பினா.

அம்மாளுக்கு ஒடம்புல வேற எடமே கெடைக்கலையா? மொகம் இருக்கு, நெஞ்சு இருக்கு, அங்க மட்டுமா வந்து உக்காருவா? கேட்டேன். நீ ஆத்தாவ பழிக்கிறன்னு ராக்கம்மா என்னய வாசல்ல நிக்க விடல.

சேதி கேட்டு முத்துலிங்கமும் ஓடி வந்தான். வந்து என்ன செஞ்சான்? வாசல்ல வேப்பிலைய தன் கையாலயே கட்டினான். குணமானா நெருப்புச் சட்டி எடுக்கிறேன்னு நேந்துகிட்டான். மஞ்ச வேட்டி வேற. எனக்கு அப்பவே என்னமோ இடிச்சுச்சு. மலத்தண்ணி கொட்டுற பீலியடியில தண்ணி புடிக்கப் போனா, இந்தப் பக்திமான் அங்க மறைஞ்சு நின்னு மாத்திர முழுங்கிறான். என்னயக் கண்டதும் அட்டைய சட்டப் பையில சொருகிட்டு, தலவலிங்கிறான். தெனமும் அஞ்சு தடவ தலவலி.

ரெண்டு தண்ணிதான் ஊத்தியிருந்தாங்க. ஒரு வியாழக்கிழம மத்தியானம் இராஜேஸுக்கு வயித்த வலிச்சுச்சு. எட்டு மாசங்கூட முழுசா ஆகல. மூணாந்தண்ணி ஊத்தாம கெளம்பினா குத்தமாயிரும்னு ராக்கம்மா கதவ மறிச்சா. புருசன்காரன், அம்மா சொல்றத கேளுங்கிறான். நான் போய் த்ரீவீல கொண்டாந்து, அந்த வேப்பிலைய தலையால முட்டிகிட்டுதான் அவள வெளிய எடுத்தேன். ஊர் என்ன சொல்லுமோன்னு அவனும் பின்னாலயே ஏறிகிட்டான்.

நாவலப்பிட்டியில பாத்துட்டு அம்புலன்ஸ்ல கண்டிக்கு அனுப்பிட்டாங்க. அங்க ஒரு லேடி டொக்டர். மஞ்ச பூசினதுல புண்ணு என்னன்னு தெளிவா தெரியல. இது ஹேர்பீஸா இருக்கலாம்னாங்க, படுக்கிறதுல ஒட்டுற வியாதி. கர்ப்பத்துல புதுசா வந்தா வலியும் முந்தி வரலாமாம். பிள்ள கீழ் வழியா வந்தா அதுக்கும் ஒட்டி மூளையக்கூட தாக்குமாம். அவன கூப்பிட்டு கேட்டாங்க.

"ஒங்களுக்கு இந்த மாதிரி புண்ணு வந்திருக்கா? ஒளிக்காம சொல்லுங்க, பிள்ளைக்காகத்தான் கேக்கிறேன்."

"இல்ல டொக்டர். இது அம்மாள்."

கட்டில்ல அவ பல்லக் கடிச்சுகிட்டு கெடக்கிறா. இவன் அம்மாளுங்கிறான்.

நான் அவன் சட்டப் பையில கைய விட்டு அட்டைய எடுத்து மேசையில வச்சேன். டொக்டர் வாசிச்சாங்க. அது ஹேர்பீஸுக்குக் குடுக்கிற மாத்திரதான். அவன ஒரு தடவ மேலயும் கீழயும் பாத்துட்டு, தியேட்டர ரெடி பண்ணச் சொல்லிட்டாங்க. தனக்கு மாத்திர, பொண்டாட்டிக்கு வேப்பிலை. எப்படி நாயம்?

வயித்த வெட்டி எடுத்தாங்க. பொம்பளப் பிள்ள, ஒன்றரக் கிலோதான். கண்ணாடிப் பெட்டியில வச்சு, மருந்து ஏத்தி, மூக்குல குழாய்ல பால் விட்டு, ஒரு மாசத்துக்கு மேல பாத்தாங்க. பொழச்சுருச்சு.

துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புற அன்னிக்கு அவன் விபூதியோட வந்தான், அம்மாள்தான் காப்பாத்தினா, அவ பேரையே வைப்போம்னு. இராஜேஸ் பிள்ளைய இந்தப் பக்கம் திருப்பிக்கிச்சு.

"எந்தப் பேர வச்சாலும் நான் வச்சுக்கிறேன். நீங்க மட்டும் அந்த ஆத்தா பேர வாயில எடுக்காதீங்க."

பிள்ளையோட நேரா தாய் வீட்டுக்குப் போயிருச்சு. மாத்திரைய இப்ப மிஸ்ஸி குடுத்தபடி இராஜேஸும் எடுக்குது.

சித்திரத் திருவிழாவுல அவன் சட்டி எடுத்தான். சனம் வழியெல்லாம் அவன் கால்ல தண்ணி ஊத்தி விழுந்து கும்பிட்டுச்சு. என் வாசலுக்கு வந்தப்ப நான் கதவ சாத்திட்டேன்.