சாப்பாட்டுக்குப் பின்

1
இந்தக் கதை என்னுடையதல்ல. மருந்துக்கு வரிசையில் நின்றபோது முன்னால் நின்றவர் சொன்னது. பாதியை நம்பினேன், மீதியை நானே செய்துகொண்டேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் எழுதுகிறேன். படித்தவர்கள் பொறுக்காவிட்டாலும் எழுதுவேன்.

தொண்ணூற்றோராம் ஆண்டு ஐப்பசியில், யாழ்ப்பாணத்தில் அறிவொளி பரப்பிய மருந்தாளர் வகுப்பொன்றில்...

(வேண்டாம். இது பரிசளிப்பு விழாப் பேச்சு.)

2
வகுப்பை நடத்தியவர் சீவரத்தினம். மருந்து கொடுக்கும்போது சொல்ல ஒரே வசனம்தான் படிப்பித்தார்: "காலை, மத்தியானம், இரவு, சாப்பாட்டுக்குப் பின்." குருநகர்க் கடற்றொழில் குடும்பத்து ஸ்ரெல்லா அதை மணியாகச் சொல்வாள். பயிற்சிக்கு நின்ற மருந்தகத்தில், மண்வெட்டி பட்ட காலோடு வந்த கமக்காரர் மார்க்கண்டருக்கும் அப்படியே சொல்லி, புண் பழுக்காமலிருக்க விழுங்கும் குளிசை கொடுத்தாள்.

மார்க்கண்டர் கந்தசஷ்டி விரதம்.* ஆறு நாளும் சாப்பாடில்லை, ஆகவே குளிசையும் இல்லை. ஏழாம் நாள் பாறணைச் சாப்பாடு முடித்து வந்தபோது கால் பூசணிக்காயாக வீங்கியிருந்தது. (கால் தப்பியது. அதை முதலே சொல்லிவிடுகிறேன்.)

* பாலும் இளநீரும் மட்டும். சைவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஸ்ரெல்லா கத்தோலிக்கப் பிள்ளை, அவளுக்குத்தான் யாரும் விளக்கவில்லை.

3
அவளை வகுப்பிலிருந்து நிறுத்தப்போவதாகச் சீவரத்தினம் சொன்னார். ஸ்ரெல்லா அழுதபடி...

(அழவில்லை. அழவைத்தால் எனக்கு எழுதச் சுலபம், அவ்வளவுதான்.)

பிழை தன்னுடையதென்று ஒப்புக்கொண்டாள்.

"விரதம் எண்டு தெரியாதோ உனக்கு? ஊரே கோயிலிலை கிடக்குது" என்றார் அவர்.

"தெரியாது சேர். எங்கடை தபசுகால நோன்பு எப்ப வரும் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

அவள் விடவில்லை.

"என்ரை அப்பா இரவிலை கடலுக்குப் போறவர். விடிய வந்து சாப்பிட்டுப் படுத்தா, பொழுதுபடத்தான் எழும்புவார். இவ ஞானாம்பிகை மருந்தகத்திலை அவருக்கும் உதே வசனத்தைத்தான் சொன்னவ. மனுசன் மூண்டு குளிசையையும் ஒண்டாப் போட்டிட்டுப் படுத்திட்டார்."

பக்கத்து வாங்கிலிருந்த ஞானாம்பிகை, வலிகாமத்துச் சைவப்பிள்ளை, தலை குனிந்தாள்.

"என்னை நிப்பாட்டுறதெண்டா அவவையும் நிப்பாட்டுங்கோ சேர். இல்லையெண்டா உந்த வசனத்தை நிப்பாட்டுங்கோ."

4
சீவரத்தினம் மனம் திருந்தி, குளிசையைத் தொட முதல் 'எப்ப சாப்பிடுவியள்?' என்று கேளுங்கள் எனக் கரும்பலகையில் எழுதினார் என்று முடித்தேன். வாசித்துப் பார்த்தேன். நம்பிக்கை வரவில்லை. சோக்கட்டி பிடித்த கை அவ்வளவு கெதியில் அழிக்காது.

இன்னொரு முடிவில் இரண்டு பிள்ளைகளையும் வீட்டுக்கு அனுப்பினார். அதையும் வெட்டினேன். ஸ்ரெல்லா வகுப்பில் இருக்கிறாள். இதில் உங்களோடு பேரம் இல்லை.

வசனம் மாறியதா என்பதை நீங்கள்தான் முடிக்க வேண்டும். கடைசியாக மருந்து வாங்கியபோது, யன்னலுக்குள் இருந்தவர் நீங்கள் எப்போது சாப்பிடுவீர்கள் என்று கேட்டாரா?

அதை எழுதுங்கள்.