கடைசிச் சில்லு நுழையவில்லை

1

எரிச்சலில் பிறந்த கதை இது. உடைந்த பீங்கானைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் விரிசல்தான் அழகு என்கிறார்கள். அந்த விரிசல் வழியாக வெந்நீர் மடியில் ஒழுகட்டும், அப்போது தெரியும்.

தொடக்கம்: ‘மழை விட்ட மாலையில், பீங்கான் ஒட்டும் அவள்...’

வேண்டாம். மழையே பெய்யவில்லை.

2

பீங்கான் ஒட்டுவது தங்கையின் தொழில். அவளுடைய பட்டறைக்கு அக்கா ஒரு கிண்ணத்தோடு வந்தாள். அம்மா தன் கையால் வனைந்தது. உடைந்ததை அக்காவே ஒட்டியிருந்தாள். ஒரு சில்லு மட்டும் வெளியே நின்றது.

“இது மட்டும் அடம்பிடிக்குதுடி. உன்ன மாதிரியே.”

“பசை போடாம முதல்ல எல்லாத்தையும் சேத்துப் பாத்தியா?”

“அதெல்லாம் யாரு பாப்பா?”

“சுத்தி எல்லாத்தையும் ஒட்டி வழிய அடைச்சிட்டு, இப்ப உள்ள வான்னா எப்படிக்கா வரும்?”

“ஓரத்த அரத்தால லேசா ராவி நுழைச்சிடேன். சாயங்காலம் அம்மா என் வீட்டுக்கு வர்றாங்க.”

(ராவினால் நுழையும். ஆனால் இடைவெளி என்றைக்கும் பல்லிளிக்கும். சரியாகச் செய்ய, ஒட்டியதை எல்லாம் கரைத்துப் பிரிக்க வேண்டும். அம்மா வரும்போது கிண்ணம் துண்டு துண்டாகக் கிடக்கும்.)

3

எப்படி உடைந்தது என்று அக்கா, கதை எழுதும் என்னிடமும் வாய் திறக்கவில்லை. மூன்று வரைவுகள் வீண். கடைசியில் தங்கைதான் கேட்டாள்.

“கை தவறிடுச்சு.”

“கை தவறினா இப்படிச் சிதறாது.”

அக்கா வெளியே நின்ற சில்லை நகத்தால் நெம்பினாள். (இந்த இடத்தில் ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன்.)

“அன்னிக்கு அம்மா சண்ட போட்டுட்டுப் போனாங்கல்ல? கதவ சாத்தினதும் செவுத்துல எறிஞ்சேன். இப்பதான் மனசு இறங்கி வர்றாங்க. இதப் பாத்தா வந்த வழியே போயிடுவாங்கடி.”

4

முடிவு அ: தங்கை ராவுகிறாள், அம்மா ஏமாறுகிறாள். [வனைந்த கை ஏமாறுமா? அபத்தம்.]

முடிவு ஆ: அம்மா துண்டுகளைப் பார்த்துக் கண் கலங்கி, மகளை அணைத்து...

இந்த அம்மா அப்படிப்பட்டவள் இல்லை. அக்காவையும் தங்கையையும் சண்டையையும் முதலிலேயே இறுக ஒட்டிவிட்டேன். அம்மா நுழைய வழியில்லை. என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

5

தங்கை ஒரு வாளியில் பசை கரைக்கும் திரவத்தை ஊற்றி, அக்காவின் காலடியில் வைத்தாள்.

“நான் முக்க மாட்டேன். ஒட்டினது நீ.”

“அம்மா கேட்டா?”

“எறிஞ்சதும் நீதானே? நீயே சொல்லு.”

அக்கா இரண்டு கைகளாலும் கிண்ணத்தைப் பிடித்தபடி வாளிக்கு மேலே குனிந்து நிற்கிறாள். மேசைமேல் அவளுடைய போன் அடிக்கிறது. அம்மா. சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து, பூட்டிக் கிடக்கும் அக்கா வீட்டு வாசலில் நிற்கிறாள்.

தங்கை நகரமாட்டாள். நான் எழுதமாட்டேன். படிக்கிற உங்கள் கை சும்மாதானே இருக்கிறது? எடுத்துப் பேசுங்கள்.