முட்டை அட்டை ஒட்டிய அறை

"உள்ள வந்து நின்னு பாருங்கக்கா, சத்தம்னு ஒண்ணு இருந்தாத்தானே..."

"சத்தம் உங்க வீட்ல இல்ல தம்பி, என் வீட்ல..."

"...செவுரு பூரா முட்டை அட்டை ஒட்டியிருக்கேன். லீவு நாளெல்லாம் அதுலயே போச்சு."

"முட்டை அட்டை ஒட்டினா கோழிக்குத்தான் சந்தோஷம். எனக்கென்ன."

மலேசியாவின் கூலாய் நகரில், ஓர் அடுக்குமாடியின் இரண்டாம் மாடியில், இரும்புக் கம்பிக் கதவுக்கு உள்ளே ரூபேந்திரன் கழுத்தில் துண்டோடு நின்றான். வியர்வை சொட்டியது. வெளியே, நேர் கீழ் வீட்டுக் கிருஷ்ணம்மா. பஸ் கம்பெனிச் சட்டையை இன்னும் மாற்றவில்லை. ராத்திரி முழுக்கத் தொழிற்சாலை ஆட்களை ஏற்றி இறக்கி பஸ் ஓட்டிவிட்டு, காலையில் வந்து படுப்பவள். அவள் கண் அசரும் நேரத்தில்தான் இவன் சைக்கிளில் ஏறுவான். நின்ற இடத்திலேயே மிதிக்க, பின்சக்கரத்தைக் கழற்றி ஒரு கருவியில் பூட்டிவைத்த சைக்கிள்.

"இங்க நின்னா சத்தம் இல்லதான். கீழ வந்து என் கட்டில்ல படுத்துப் பாருங்க. செவுத்துல எறங்கி, கட்டில் கால்ல ஏறி, மண்டைக்குள்ள அதிருது. லாரி எஞ்சின் மேல படுத்த மாதிரி."

"அடியில மேட் போட்டிருக்கேன்லா."

"அது யோகா பண்ற மேட்டு. உங்க வேர்வையைத்தான் பிடிக்கும்."

"அப்ப ரோட்டுல ஓட்டவா? செம்பனைத் தோட்டத்து லாரி அடிச்சு சாகவா? ஹார்ட்டுக்கு டாக்டர் சொல்லித்தான் மிதிக்கிறேன்."

"மிதிங்க. வேணாங்கல. ராத்திரி நான் வீட்லயே இல்ல. சிங்கப்பூர்ல மத்தியான ஷிப்ட் முடிஞ்சு வந்து மிதிங்க."

"அந்நேரத்துக்கு ஆன்லைன்ல யாரு இருப்பா? எங்க குரூப் ரேஸ் காலைலதான். போன வாரம் மூணாவதா வந்தேன், தெரியுமா."

"ரூமை விட்டு நகராத சைக்கிள்ல மூணாவது எடம். மாலை வாங்கிப் போடவா?"

ரூபேந்திரனின் காது மடல் சிவந்தது.

"மரியாதையா பேசுங்க. என் சம்சாரம் பிரேமலாவும் நைட் ஷிப்ட்தான். உங்க பஸ்லதான் வந்து எறங்குறா. பக்கத்து ரூம்லதான் தூங்குறா. அவளுக்குக் கேக்காத பிசிங் உங்களுக்கு மட்டும் எங்கேர்ந்து வருது?"

"அவளையும் சேத்து ஏத்திக்கிட்டுத்தான் நேத்து ஹைவேல கண்ணை மூடினேன். ஓரக் கோட்டுல டயர் ஏறித் தடதடன்னு அடிச்சப்பதான் முழிச்சேன். பஸ் நெறைய ஆளு."

அதைச் சொல்வதற்காக அவள் படியேறவில்லை. வாய் முந்திக்கொண்டது.

ரூபேந்திரன் சிரித்தான். "அலமாக். அப்ப வண்டி ஓட்டும்போது தூங்குறீங்க. உங்க வாயாலேயே சொல்லிட்டீங்க. கம்பெனிக்கு ஒரு போன் போட்டா போதும். நாளையிலேர்ந்து நீங்க ராத்திரியே நல்லா தூங்கலாம்."

கிருஷ்ணம்மா கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மரியாதை அவள் பேச்சிலிருந்து கழன்று விழுந்தது.

"போடு. போட்டு என் சோத்துல மண்ணை அள்ளிக் கொட்டு. புருசன் செத்தப்புறம் இந்த லைசன்ஸ் ஒண்ணுதான் எனக்குச் சோறு போடுது. அதையும் புடுங்கிக்க. அப்புறம் நிம்மதியா மூணாவதா வா."

"போடத்தான் போறேன். நம்பர் பிரேமலாகிட்ட..."

படுக்கையறைக் கதவு திறந்தது. பிரேமலா வந்தாள். கூந்தல் அவிழ்ந்திருந்தது, கண்கள் ரத்தமாய்ச் சிவந்திருந்தன. ஒரு காதிலிருந்து ஆரஞ்சு நிறப் பஞ்சடைப்பைப் பிடுங்கினாள். பிறகு மற்றதிலிருந்து.

"இதையும் மீறி உங்க குரல் கேக்குது," என்றாள் புருஷனிடம். "மெஷின் சத்தத்துக்குன்னு ஃபேக்டரில குடுத்தது. இதைத் திணிச்சிக்கிட்டுத்தான் தெனம் படுக்குறேன். அதைப் பாத்துட்டு நான் தூங்குறேன்னு ஊருக்கெல்லாம் சொல்றீங்க."

"நீ ஏன் என்கிட்ட..."

"சொன்னா மூஞ்சியத் தூக்கி வச்சிக்குவீங்க."

"நானும் அதை வச்சுப் பாத்தேன்மா," என்றாள் கிருஷ்ணம்மா. "காது வழியாவா வருது?"

"தெரியும்க்கா. நேத்து முன் சீட்ல நான்தானே இருந்தேன். உங்க தலை சாயுறதப் பாத்தேன். கத்துறதுக்குக்கூட எனக்கு வாய் வரல."

ரூபேந்திரன் துண்டால் முகத்தைத் துடைத்தான். துடைத்து முடித்தும் துண்டை எடுக்கவில்லை.

பிரேமலா தன் கைப்பேசியில் எண்ணைத் தேடி எடுத்தாள். துண்டைப் பிடித்து இழுத்து, கைப்பேசியை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இந்தாங்க நம்பர், போடுங்க. அந்தம்மா ஏன் கண்ணை மூடினாங்கன்னு கம்பெனில கேட்டா, நீங்க சொல்றீங்களா, இல்ல நான் சொல்லட்டுமா?"