ஆறாம் மாடியின் மூச்சு

தெருக்கோடியில் இருந்த ரசாயனக் கிடங்கு மூன்று நாள் எரிந்து அணைந்தது. நான்கு மாதம் ஆகியும் பக்கத்து ஏழு மாடிக் கட்டடத்தில் இருமல் மட்டும் அடங்கவில்லை. வீடு வீடாகப் போய் ஆட்களை ஊத வைத்து நுரையீரலின் பலத்தைக் குறித்து வருவது சுகாதார நிலையத்திலிருந்து வந்த ஒரு பெண்ணின் வேலை. குழாயில் ஒரே மூச்சாக ஊதினால் முள் ஓர் எண்ணில் போய் நிற்கும். பிள்ளைகள் அவளுக்கு ஊதலக்கா என்று பெயர் வைத்துவிட்டார்கள். பயிற்சியில் அவள் ஊதியபோது முள் நானூற்றைம்பதைத் தொட, வகுப்பே கைதட்டியது. அந்தப் பெருமை அவளுக்கு உண்டு.

கணக்கெடுப்பின் கடைசி நாளன்று லிஃப்ட் படுத்துக்கொண்டது. நாலு மாடி ஏறுவதற்குள் முழங்கால் கழன்றுவிடும்போல் இருந்தது. மேலே மிச்சம் பதினோரு பேர். படியிலேயே உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் போன் போட்டாள். வயதைக் கேட்டாள். அவர்கள் மனம் கோணாதிருக்கப் போனிலேயே ஒருமுறை ஊதவும் சொன்னாள். எண்ணைச் சும்மா எழுத அவளுக்கு மனசு வரவில்லை. அது பொய்யாகிவிடாதா? அதனால் ஒவ்வொருவருக்காகவும் தானே குழாயில் ஊதி, வந்த எண்ணை ஒழுங்காக எழுதினாள். வயதானவர்களுக்குக் கொஞ்சம் மெதுவாக ஊதினாள். என்ன நேர்மை பாருங்கள்!

போன வாரம் எல்லோருக்கும் கடிதம் வந்தது. நாலாம் மாடிக்கு மேல் புகையின் பாதிப்பு இல்லையாம். இலவச சிகிச்சைப் பட்டியலும் நாலாம் மாடியோடு முடிந்தது. விட்டுப்போன பெயரைச் சேர்க்க இன்று மாலை வரைதான் நேரம். அந்தப் பதினோரு எண்ணும் யாருடைய மூச்சு என்று அவளுக்குத்தான் தெரியும். லிஃப்ட் சரியாகியிருந்தும் இன்று படியேறித்தான் போனாள்.

ஆறாம் மாடியில் கதவைத் திறந்தவர் தையல்காரர். திறப்பதற்குள் மூன்று தடவை இருமினார்.

"வாம்மா. போன்ல ஊதினதுக்கே கடுதாசில முந்நூத்தி எண்பதுன்னு போட்டிருக்கே! என்ன மெஷினோ! மருந்தெல்லாம் நிறுத்திட்டேன்."

"இருமல் குறையலையே, ஐயா."

"அது மனசுல இருக்கிற இருமல்னு நெனைக்கிறேன். ஒரு சட்டைக்கு நாலு தடவை எந்திரிச்சு ஜன்னல்கிட்ட நிக்கிறேன். வேலைக்குக் கள்ளத்தனம் பண்றேன்னு வீட்டுக்காரி சொல்றா. கடுதாசியே சொல்லுதே, அவ மேல என்ன தப்பு?"

அவள் குழாயை நீட்டினாள். அவர் ஊதினார். நூற்று நாற்பது. மறுபடி ஊதினார். நூற்று முப்பது. மூன்றாவது முறை ஊதப் போய் தையல் மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மன்னிச்சுக்கம்மா. அன்னிக்கு நல்லா ஊதினேன், இன்னிக்கு வரல. இதை எழுதிடாத, உனக்குல்ல கெட்ட பேரு வரும்."

அவளுக்கு மூஞ்சியைக் கொண்டுபோய் எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"ஐயா, அது நீங்க ஊதினது இல்ல. நான் மாடி ஏற சோம்பல்பட்டு, உங்களுக்குப் பதிலா நானே ஊதி எழுதிட்டேன். அது என் மூச்சு."

அவர் கடிதத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். அவரோ அடுப்படிப் பக்கம் திரும்பி, மூச்சு வாங்க வாங்கக் கூப்பிட்டார்.

"ஏய், இங்க வா! நான் நடிக்கலையாம். நெஜமாவே முடியலையாம்!"

கையைத் துடைத்தபடி வந்த மனைவி முள்ளைப் பார்த்தாள். புருஷனின் முதுகில் கை வைத்தாள். பிறகு ஊதலக்காவை நிமிர்ந்து பார்த்தாள்.

ஊதலக்கா நூற்று நாற்பது என்று எழுதினாள். பழைய எண்ணுக்கு எதிரே தன் பெயரையும் எழுதி, குழாயில் வாய் வைக்கும் முனையை மாற்றிக்கொண்டு எழுந்தாள். இன்னும் பத்துப் பேர் இருந்தார்கள். ஒவ்வொரு வாசலிலும் இதையே சொல்லியாக வேண்டும்.