வெள்ளைச் சப்பாத்து இல்லாத பதினான்கு பேர்

மலாயா விடுதலை பெற்ற நூறாவது நாளில் அந்த விடுதலைக்கே ஒரு பொருள் கிடைக்கப்போகிறது என்பதைக் காஜா பெராங் தமிழ் இளைஞர் மேம்பாட்டுச் சங்கம் மலாக்கா மக்களுக்குப் பெருமகிழ்ச்சியுடன் அறிவித்தது. பள்ளி விடுமுறையில் ஒரு வார முகாம். ஏழை, பணக்காரர், தோட்டம், பட்டணம் என்ற பேதம் கிடையாது. கட்டணமும் கிடையாது.

பேதம் பார்க்கும் பொறுப்பை அறிவிப்பின் அடியிலிருந்த சின்ன எழுத்துகள் ஏற்றுக்கொண்டன. காலுக்கு வெள்ளைச் சப்பாத்து கட்டாயம். கொசுவலை கட்டாயம். பெற்றோர் வேலை நாளில், காலை எட்டிலிருந்து பத்து மணிக்குள், நேரில் வந்து பதிய வேண்டும்.

அந்த நேரத்தில் தோட்டத்துப் பெற்றோர் ரப்பர் மரத்தடியில் நிற்பார்கள் என்பது செயலாளர் பொன்னுதுரைக்குத் தெரியாது. பென்சில் எழுத்தை அழிக்கும் என்பதற்கு மேல் ரப்பரைப் பற்றி அவர் விசாரித்ததில்லை.

மழை பெய்தால் மட்டும் பாலெடுக்க மரம் வெட்ட முடியாது; அன்று வேலை இல்லை. குருபோங் பக்கத்துத் தோட்டத்து அஞ்சலை மழைக்காகக் காத்திருந்தாள். அவள் மகள் கோகிலா ஆறாம் வகுப்பு முடித்துவிட்டாள். ஜனவரியிலிருந்து ரப்பர் பால் வடியும் மங்குகளைத் துடைக்கும் வேலை. அதற்கு முன் ஒரு வாரமாவது பெண் சும்மா ஓடி விளையாட வேண்டும். திங்கட்கிழமை மழை கொட்டியது. அஞ்சலை பஸ் ஏறினாள்.

"பதினாலு பேரா?" தோட்டத்துப் பிள்ளைகளின் பெயர்களை எழுதி அவள் நீட்டிய தாளைப் பொன்னுதுரை பார்த்தார். "சப்பாத்து இருக்கா?"

"இல்லைங்க."

"கொசுவலை?"

"லயத்துக் கொசு கடிச்சு வளந்த புள்ளைங்கய்யா. உங்க பட்டணத்துக் கொசு என்ன, ஒசத்தியா?"

"சப்பாத்தாவது வேணும்மா. ரப்பர் அடி வச்சது."

"ரப்பர் நாங்கதான்யா வெட்டிக் குடுத்தோம். சப்பாத்தாத் திரும்பி வரலியே."

"செயற்குழு கூடித்தான் முடிவு பண்ணணும். அடுத்த மாசம் கூடும்."

"சரிங்கய்யா." பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"என்னம்மா, போகலையா?"

"மழை விடட்டும். அதுவரைக்கும் எனக்கு வேலை இல்லலா."

மழை மூன்று நாள் விடவில்லை. மூன்று நாளும் கதவு திறக்கும் முன்பே அவள் வாசலில் நின்றாள்.

மூன்றாம் நாள் சங்கத் தலைவர் கணேசமூர்த்தி வரவேற்பு ஏற்பாட்டைப் பார்வையிட வந்தார். பதிவேட்டில் மூன்றே பெயர்கள். பட்டணத்துப் பிள்ளைகள் விடுமுறைக்குச் சிங்கப்பூர் போயிருந்தார்கள்.

"என்னய்யா பொன்னுதுரை, எட்டுக் கூடாரம் அடிச்சிருக்கோம்! சிறப்பு விருந்தினருக்குக் கூடாரத்தையா அறிமுகப்படுத்துறது?"

பொன்னுதுரை பெஞ்சைப் பார்த்தார். தலைவரும் பார்த்தார். அவர் முகத்தில் சமுதாயப் பற்று பொங்கியது.

"தோட்டத்துப் பிள்ளைகளா! தாராளமா அனுப்பும்மா. திறப்பு விழா அன்னைக்கு மட்டும்."

"ஏழு நாளும், ஐயா. வெறுங்காலோட. கூட்டிட்டுப் போக லாரி வேணும். எழுதிக் குடுங்க."

"என் வார்த்தை போதாதா?"

"உங்ககிட்ட வார்த்தை நிறைய இருக்குங்கய்யா. எதை நம்புறதுன்னு எனக்குத் தெரியாது."

தலைவர் பொன்னுதுரையைப் பார்த்தார். பொன்னுதுரை கூடாரங்களைப் பார்த்தார். கையெழுத்து விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை லாரி வந்தது. அஞ்சலையும் ஏறிக்கொண்டாள். திறப்பு விழாவில் பதினான்கு பிள்ளைகளும் வெறுங்காலோடு முன் வரிசையில் நின்றார்கள். சங்கம் காடு மேடு கடந்து, தோட்டம் தோட்டமாக அலைந்து, இந்த ஏழைச் செல்வங்களைத் தேடிக் கண்டெடுத்த வரலாற்றைத் தலைவர் விவரிக்கத் தொடங்கினார். பொன்னுதுரை கண் கலங்கினார். அவருக்கே அது புதுச் செய்தி. காடு மேடு முடிந்து ஆறுகள் ஆரம்பித்தபோது அஞ்சலை மகளின் முதுகில் தட்டினாள்.

"இன்னும் என்னத்துக்கு நிக்கிற? போடி. எல்லாரையும் கூட்டிட்டுப் போ."

ஒரு மணி நேரம் கழித்து, "முகாமை இதோ தொடங்கிவைக்கிறேன்" என்று தலைவர் நாடாவை வெட்டினார். பிள்ளைகள் மைதானத்தின் அந்தக் கோடியில் மூன்றாவது ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தார்கள்.