பருத்திக்கு எட்டு நிமிஷம்

ஒரு வீடியோ கேசட்டில் மூன்று மணி நேரம் பதியலாம். நூற்றெண்பது நிமிஷம். கல்யாணமாக இருந்தால் பெண் அழைப்பிலிருந்து மறுவீடு வரை அதற்குள் அடக்கிவிடுவேன். அமெரிக்காவின் வரலாற்றையும் அதற்குள் அடக்கித் தரும்படி என்னிடம் கேட்டவர் தாண்டவராயன் சார்.

ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையத்துக்கு எதிரே, மாடியில் அவருடைய டுடோரியல். கீழே என் வீடியோ கடை. அஞ்சல் வழியில் பி.ஏ. வரலாறு படிப்பவர்கள் ஞாயிறுதோறும் அவரிடம் வருவார்கள். பெரும்பாலும் மண்ணூர்ப் பக்கத்துக் கம்பெனிகளில் ஷிப்ட் பார்ப்பவர்கள். ஞாயிற்றுக்கிழமையும் ஓ.டி. இருந்தால் பாதிப் பேர் வரமாட்டார்கள். வகுப்புக்கு வர முடியாதவர்களுக்கு வகுப்பையே கேசட்டாகக் கொடுத்துவிடலாம் என்பது சாரின் திட்டம். தாளுக்கு ஒரு கேசட், வரிசையாக. முதல் கேசட், அதிகம் பேர் தோற்கிற தாளுக்கு: அமெரிக்க வரலாறு. அந்த 1991-இல், மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு, எங்கள் ஊரில் கல்யாணங்கள்கூடச் சத்தமில்லாமல்தான் நடந்தன. வீடியோவுக்குக் கூப்பிடுவது குறைந்திருந்தது. ஒப்புக்கொண்டேன்.

எந்தத் தலைப்புகளை எடுப்பது என்பதற்குச் சாரிடம் ஒரு முறை இருந்தது. சுவரில் நீளமான அட்டவணை ஒன்றை ஒட்டியிருந்தார். குறுக்கே பத்து வருஷத்துத் தேர்வுகள். நெடுக்கே அமெரிக்க வரலாற்றின் நாற்பத்திரண்டு தலைப்புகள். கேள்வி வந்த இடத்தில் சிவப்புப் புள்ளி. மே மாதம் வந்த பெரிய கேள்வி டிசம்பரில் வராது. இரண்டு தேர்வு தூங்கியது மூன்றாவதில் எழுந்துகொள்ளும். புள்ளிகளை விரலால் தொட்டுக்கொண்டே போய் ஆறைப் பொறுக்கினார்: விடுதலைப் போர், அரசியல் சட்டம், மன்றோ கொள்கை, உள்நாட்டுப் போர், முதல் உலகப் போரில் அமெரிக்கா, 1929-இன் பொருளாதார வீழ்ச்சி. தலைப்புக்கு இருபத்தெட்டு நிமிஷம் என்றால் மொத்தம் நூற்று அறுபத்தெட்டு. மிச்சமிருந்த பன்னிரண்டில் பதினொன்றைத் தொடக்க உரைக்குச் சார் தானே எடுத்துக்கொண்டார்.

ஆகஸ்டில் படம் பிடித்து, செப்டம்பரில் ஒரு ஞாயிறு என் கடையில் நாலு மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினோம். டி.வி.யில் சார் மாலையும் சால்வையுமாக வந்து தம் தகப்பனாருக்கு நன்றி சொல்லத் தொடங்கினார். லேத் கம்பெனியில் வேலை பார்க்கும் கன்னியப்பன் ரிமோட்டை எடுத்தான்.

“யோவ், இன்னா பண்ற?” என்றார் சார்.

“பாடம் எங்க ஸ்டார்ட் ஆவுதுன்னு பாக்கறேன் சார்.”

“வை கீழ. இதுவும் பாடந்தான்.”

மூன்று மணி நேரமும் பார்த்து முடித்தார்கள். சார் எழுந்து நின்று, “கேளு. தெற்கு மாநிலங்கள் அடிமைமுறைய ஏன் வுடாம புடிச்சிக்கினு இருந்துச்சு? அதுக்காவ நாலு வருஷம் சண்ட போடற அளவுக்கு?” என்று கேட்டார்.

நாலு பேரும் நோட்டைப் புரட்டினார்கள்.

“அவனுங்க கெட்டவனுங்க சார்,” என்றான் கன்னியப்பன்.

“பத்து மார்க் கேள்விக்கு இத எழுதுவியா?”

“நல்லா கெட்டவனுங்கன்னு எழுதுவேன் சார்.”

எல்லாரும் சிரித்தார்கள். மதிவதனி மட்டும் சிரிக்கவில்லை. மண்ணூர்க்காரி, இருபத்து மூன்று வயது, ஸ்கூட்டருக்கு ஒயர் கட்டு செய்கிற கம்பெனியில் லைனில் நிற்பவள். மற்ற எல்லாத் தாளிலும் தேறிவிட்டாள். இந்த ஒரு தாளில் இரண்டு முறை தோற்றிருந்தாள். அவளுடைய பதிவு அந்த டிசம்பரோடு முடிகிறது. மூன்றாம் முறையும் போனால் பழைய தாள்களும் சேர்ந்து போய்விடும், முதலிலிருந்து எழுத வேண்டும். பி.ஏ. கையில் இருந்தால் பி.எட். சேர்ந்து டீச்சராகலாம் என்பது அவள் கணக்கு. வீட்டில், டிசம்பரோடு புத்தகத்தை மூட்டை கட்டு என்று சொல்லியாகிவிட்டது.

“சார், கேசட்ல எனக்கு அல்லாமே புரிஞ்சுது. அந்த ஒண்ணுதான் புரில,” என்றாள். “அது புரியாம மீதியும் புரிஞ்ச மாதிரி இல்ல.”

செவ்வாய்க்கிழமை ஷிப்ட் முடிந்து நேராக என் கடைக்கு வந்தாள். கையில் பாடப்புத்தகம். பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கிற இயந்திரம் ஒன்றின் மங்கலான படமும், அதற்குக் கீழே நாலு வரியும் இருந்த பக்கத்தை விரித்து வைத்தாள்.

“அண்ணா, மெஷின்னா உங்களுக்கு உயிரு. இது எப்டி ஓடுதுன்னு சொல்லுங்க.”

என்னிடம் அப்படிக் கேட்டால் போதும், கடையை மூடக்கூட மறந்துவிடுவேன். படத்தையும் அந்த நாலு வரியையும் பார்த்துச் சொன்னேன். பருத்தியில் கொட்டைதான் தொல்லை. பஞ்சு அதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். கையால் பிரித்தால் ஓர் ஆள் நாள் முழுக்க உட்கார்ந்தாலும் ஒரு பவுண்டு பஞ்சுதான் தேறும். இந்த இயந்திரத்தில் ஓர் உருளை, உருளை முழுக்கக் கம்பிக் கொக்கிகள். முன்னால் சீப்புப் பல் போல நெருக்கமான கம்பித் தடுப்பு. உருளை சுற்றும்போது கொக்கிகள் தடுப்பின் இடுக்கு வழியாகப் போய்ப் பஞ்சைப் பிடித்து இழுக்கும். பஞ்சு இடுக்கில் நுழையும். கொட்டை பெரியது, நுழையாது, உதிர்ந்து விழும். பின்னால் ஒரு பிரஷ் சுற்றிக் கொக்கியிலிருந்து பஞ்சைத் துடைத்துவிடும். அவ்வளவுதான். 1793-இல் வந்தது. கையால் சுற்றுகிற இயந்திரமே ஒரு நாளைக்கு ஐம்பது பவுண்டு கொடுத்தது.

“எங்க வூட்டு பேன் சீப்பு மாதிரி,” என்றாள். “பேன் மாட்டிக்கும், முடி போயிடும்.”

“அதேதான்.”

“இது வரிக்கும் புரியுதுண்ணா. அம்பது ஆள் செய்யறத ஒரு மெஷின் செஞ்சா ஆள் கொறையணும் இல்ல? அதனால அடிமைமுறை கொறஞ்சிதுன்னு, அது பத்தி வந்த கேள்விக்கு ரெண்டு வாட்டியும் எழுதினேன். ரெண்டு வாட்டியும் முட்டை. புக்குல இன்னாடான்னா அதிகம் ஆச்சுன்னு போட்டுகீது. ஏன்னு போடல.”

எனக்கும் தெரியவில்லை. இயந்திரம் எப்படி ஓடும் என்று சொல்லத் தெரியும். ஓடிய பிறகு வெளியே என்ன ஆகும் என்று நான் யோசித்ததில்லை. எதிர்க் கடையிலிருந்து டீ வரவழைத்தேன். அவள் டீயைக் கையில் பிடித்தபடியே ஆறவிட்டாள்.

“எங்க லைன்ல போன வருஷம் ஒரு மெஷின் வந்துச்சு,” என்றாள் மெதுவாக. “ஒயர் முனைல பித்தள அடிக்கிறது. அதுக்கு முன்ன நாங்க பன்னண்டு பேர் கைல கட்டிங் ப்ளேயர வச்சினு அடிப்போம். மெஷின் வந்தன்னிக்கு அல்லாரும் அழுதோம், வேல போச்சுன்னு. இன்னா ஆச்சு தெரியுமா? பித்தள அடிச்ச ஒயரு மலையாட்டம் குவிஞ்சு போச்சு. அதக் கட்டறதுக்கும் டேப்பு சுத்தறதுக்கும் ஆள் பத்தல. சீக்கிரம் முடிக்கிறாங்கன்னு இன்னொரு ஆர்டரும் வந்துச்சு. எங்கள யாரையும் அனுப்பல. இன்னும் பதினஞ்சு பொண்ணுங்கள எடுத்தாங்க.”

கிளாஸை மேஜையில் வைத்தாள்.

“அண்ணா. அடைப்பு ஒரு எடத்துல இருந்துச்சு. மெஷின் அத எடுத்துடுச்சு. அடைப்பு பக்கத்துக்கு நகந்துச்சு.”

“சொல்லு, சொல்லு.”

“கொட்ட எடுக்கறதுதான் அடைப்பு. அதனாலதான் அது வரிக்கும் யாரும் பருத்தி அதிகமா போடல. மெஷின் வந்ததும் எவ்ளோ போட்டாலும் விக்கலாம். அப்போ நெலம் வேணும். நட, களை எடுக்க, பறிக்க ஆள் வேணும். பறிக்கிறதுக்கு மெஷின் இல்ல.” அவள் குரல் தாழ்ந்தது. “எங்க கம்பெனில ஆள் எடுத்தாங்க. அங்க ஆளயே வெலைக்கு வாங்கினாங்க.”

புத்தகத்தின் பின்பக்கத்தில் ஒரு கணக்கு இருந்தது. 1790-இல் அந்த நாட்டில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்கள் ஏழு லட்சம். 1860-இல் ஏறக்குறைய நாற்பது லட்சம். இருவரும் அந்த இரண்டு எண்களையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். புத்தகத்தில் அந்தப் பக்கம் எப்போதும் இருந்ததுதான். அன்றைக்குத்தான் எண்களுக்குப் பின்னால் ஆட்கள் தெரிந்தார்கள்.

“இது கேசட்ல வரணும்ணா,” என்றாள். “உள்நாட்டுப் போருக்கு முன்னாடி.”

“முன்னாடின்னாதான் சங்கடம்,” என்று அவளுக்கு விளக்கினேன். கேசட் என்பது கல்யாணப் பந்தி. இலை போட்டு எல்லாரும் உட்கார்ந்த பிறகு நடுவில் ஒருவரைச் சேர்த்தால், அவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் அத்தனை பேரும் இலையோடு எழுந்து நகர வேண்டும். ஒரு டெக்கில் ஓடவிட்டு இன்னொரு டெக்கில் முதலிலிருந்து பதிய வேண்டும். அதை நான் செய்துவிடுவேன், ஒரு நாள் வேலை. ஆனால் பந்தியில் இடமே நூற்றெண்பதுதான். ஒருவர் உட்கார ஒருவர் எழுந்திருக்க வேண்டும். யார் என்பதைச் சார்தான் சொல்ல வேண்டும்.

அடுத்த ஞாயிறு மாடிக்குப் போனோம். சார் விஷயத்தையும், அதற்கு எட்டு நிமிஷம் வேண்டும் என்பதையும் கேட்டுவிட்டு அட்டவணைக்கு முன் போய் நின்றார்.

“பருத்தி. பத்து வருஷத்துல ஒரே ஒரு புள்ளி. அதுவும் ரெண்டு மார்க். இதுக்கு எட்டு நிமிஷமா? அப்டி பாத்தா ரயில் பாத கேக்கும், தங்கச் சுரங்கம் கேக்கும். நான் எங்கம்மா போவேன்?”

“கேள்வியா வராது சார். வர்ற கேள்விக்கு உள்ள கீது சார் இது.”

“உள்ளயா?”

அவள் பையைத் திறந்தாள். அவள் வீட்டுக் கொல்லையில் விளக்குத் திரிக்காக வளர்க்கிற செடியில் வெடித்த ஐந்து பருத்திக் காய்கள். ஒரு பேன் சீப்பு. நுனி வளைத்த ஊக்கு. சீப்பின் ஒரு பக்கம் பருத்தியை வைத்து, மறுபக்கத்திலிருந்து பல்லிடுக்கில் ஊக்கை விட்டு இழுத்தாள். பஞ்சு நூல் நூலாக வந்தது. கொட்டை சீப்புக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. நாலைந்து முறை இழுத்ததும் டொக்கென்று மேஜையில் விழுந்தது.

“அய்ய, தலைல போட்ட சீப்பா அது?” என்றான் கன்னியப்பன்.

“உன் தலைல போட்டா சீப்பு உடைஞ்சிடும், கம்முனு பாரு.”

பிறகு அடைப்பு நகர்ந்த கதையைச் சொன்னாள். பித்தளை அடிக்கிற மெஷினில் தொடங்கி, பருத்தி வயலுக்குப் போய், நாற்பது லட்சத்தில் முடித்தாள். நான் நேரம் பார்த்தேன். ஏழே முக்கால் நிமிஷம்.

சார் சீப்பைக் கையில் வாங்கி, தாமே ஒரு கொட்டையை எடுத்துப் பார்த்தார். ஊக்கு விரலில் குத்தியது, விடாமல் இழுத்தார். கொட்டை விழுந்ததும் நிமிர்ந்தார்.

“பதினாறு வருஷமா இத நான் ‘முக்கியமில்ல’ன்னு தாண்டிக்கினு போறேன்,” என்றார். அட்டவணையை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். “சரி, எத எடுக்கறது? மன்றோவ எடுக்க முடியாது, ரெண்டு வாட்டி தூங்கிட்டான், இந்த வாட்டி வந்துடுவான். உலகப் போரு கண்டிப்பா வேணும்...”

கன்னியப்பன் கூரையைப் பார்த்தான். சார் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“அட பாவிங்களா,” என்றார். “என் பேச்சா?”

“நல்ல பேச்சு சார்,” என்றேன்.

“நல்ல பேச்சுன்னா பார்வர்டு பண்றான் இவன்!” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “அந்தச் சால்வைய காஞ்சிபுரம் போய் வாங்கியாந்தேன்யா. சரி, எடுத்துடு. டுடோரியல் போன் நம்பர மட்டும் கடைசில எழுத்துல போடு. அப்புறம் இன்னொண்ணு. இத நான் பேச மாட்டேன். இந்தப் பொண்ணே பேசட்டும்.”

மதிவதனி இரண்டு நாள் மறுத்தாள். கம்பெனியில் பார்த்தால் என்ன சொல்வார்கள், வீட்டில் என்ன சொல்வார்கள் என்றாள். மூன்றாம் நாள் தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னி, சீப்போடு வந்து நின்றாள். முதல் தடவை கேமராவைப் பார்த்ததும் பேச்சு நின்றுவிட்டது. என் முகத்தைப் பார்த்துச் சொல் என்றேன். சொன்னாள். இரண்டாவது எடுப்பிலேயே முடிந்தது. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு இரண்டு டெக்குகளையும் இணைத்து உட்கார்ந்தேன். மூன்றாவது பாடம் முடிந்து, அவள் கை சீப்போடு திரையில் வந்து, அதன் பிறகு போர் தொடங்கியது. பதினைந்து பிரதிகள் எடுத்தோம். ஒயர் கம்பெனியில் மற்றப் பெண்கள் யாருமே பி.ஏ. படிக்கவில்லை, ஆனால் எங்க மதியைப் பார்க்கணும் என்று மூன்று பிரதிகள் அங்கே சுற்றிக்கொண்டிருந்தன.

டிசம்பர் தேர்வு காஞ்சிபுரத்தில். மதிவதனியோடும் கன்னியப்பனோடும் சாரும் நானும் பஸ் ஏறினோம். சாருக்குத் தேர்வு இல்லை, அட்டவணைக்குத்தான் தேர்வு. தேர்வு முடிந்து முதலில் வெளியே வந்த பையனிடம் கேள்வித்தாளைப் பிடுங்கிப் பார்த்தார். ஆறு தலைப்பில் மூன்றுதான் வந்திருந்தது. மன்றோ வரவில்லை.

“மறுபடியும் தூங்கிட்டான் பாரு,” என்று முணுமுணுத்தார். பிறகு பத்து மார்க் கேள்விகளில் நான்காவதில் விரலை வைத்து என்னிடம் நீட்டினார். உள்நாட்டுப் போர் தவிர்க்க முடியாததாக ஆனதற்கான பொருளாதாரக் காரணங்களை விளக்குக.

கன்னியப்பன் வந்தான். மற்றவர்களும் வந்தார்கள். மதிவதனியைக் காணோம். சார் வாசல்வரை போய் எட்டிப் பார்த்தார். கூட்டமெல்லாம் கலைந்த பிறகு அவள் வந்தாள். வலது கையை உதறிக்கொண்டே வந்தாள்.

“இன்னாம்மா இவ்ளோ நேரம்?”

“மொத ரெண்டு வாட்டியும் அர மணி நேரம் முன்னாடியே எந்திரிச்சு வந்துட்டேன் சார். எழுத ஒண்ணும் இல்ல. இன்னிக்கு நான் எழுதிக்கினே இருக்கேன், ஹால்ல நின்ன அந்தம்மா பேப்பரப் புடுங்கறாங்க. நான் வுடல. கடசில அவங்களே சிரிச்சிட்டு, இந்த வரிய முடின்னுட்டாங்க.”

“முடிச்சியா?”

“முடிச்சிட்டேன்.”

“பாஸ் ஆயிடுவியா?” என்று நான் கேட்டேன்.

“திருத்தறவங்க கைல கீதுண்ணா. ஆனா நாலாவது கேள்வில மட்டும் அவங்களால கை வைக்க முடியாது.” முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு சாரிடம் திரும்பினாள். “சார், பி.எட்.க்கு அப்ளிகேஷன் எப்ப குடுப்பாங்க?”

“ரிசல்ட் வரட்டும்மா, முதல்ல.”

“ரிசல்ட் வர வரிக்கும் சும்மாவா குந்தினு இருக்கறது? எங்க வாங்கறதுன்னு சொல்லுங்க சார். காஞ்சிபுரம் வந்ததுக்கு அதையும் கேட்டுக்கினு போயிடலாம்.”

சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அலுவலகங்கள் மூட இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. “நட,” என்றார்.